எம்பிபிடி என்று ஸ்டிக்கர் ஒட்டினால் எம்பிபிடி ஆகிவிடாது

சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், அதாவது பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு அளவாக ஏற்றும் டப்பா, வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் போங்கள். தோட்டத்து வீட்டில் இரண்டு ஃபேன், நாலு லைட், ஒரு டிவி ஓட்ட 330 வாட் பேனலும் 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியும் வாங்கினேன். பேனல் 24 வோல்ட் ரகம், பேட்டரி 12 வோல்ட், அதனால் கூடுதல் வோல்ட்டேஜை வீணாக்காத எம்பிபிடி (MPPT) ரகக் கன்ட்ரோலர்தான் வேண்டும் என்று கடைக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். "இதோ எழுதியே இருக்கே சார்" என்று 1,800 ரூபாய்க்கு ஒரு டப்பாவை நீட்டினார். கையில் வாங்கும்போதே சோப்புக்கட்டி கனம்தான் இருந்தது, அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

தினமும் ராத்திரி பத்து மணிக்கெல்லாம் ஃபேன் நின்றுவிடும். கேட்டால் பேட்டரி சரியில்லை என்றார்கள், பேனலில் தூசி என்றார்கள், அப்புறம் மேகமாம். சித்திரை மாதத்தில்!

கடைசியில் மச்சான் டிசி கிளாம்ப் மீட்டரோடு வந்தார். உச்சி வெயிலில் பேனலிலிருந்து வரும் ஒயரில் 8.5 ஆம்பியர், பேட்டரிக்குப் போகும் ஒயரிலும் அதே 8.5. முப்பது வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டிய பேனல், பேட்டரியோடு சேர்ந்து 13க்கு இறங்கிக் கிடந்தது. பெருக்கிப் பாருங்கள், 110 வாட்தான், வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு. நிஜ எம்பிபிடி அந்தக் கூடுதல் வோல்ட்டேஜை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும், பேட்டரி பக்கம் 20 ஆம்பியராவது காட்டியிருக்கும். டப்பாவைத் திறந்தால் உள்ளே செம்புக் கம்பி சுற்றிய காயில் (coil) ஒன்றுகூட இல்லை, கனம் இல்லாததும் அதனால்தான். அது இல்லாமல் அந்த வேலை எப்படி நடக்கும்? பேனலை நேராகப் பேட்டரியோடு சேர்த்துவிடுகிற சாதாரண பிடபிள்யூஎம் (PWM) ரகம்தான், மேலே ஸ்டிக்கர் மட்டும் வேறு.

மாட்டிய லட்சணமும் அப்படித்தான். பேட்டரி ஒயரை முதலில் கொடுத்தால்தான் கன்ட்ரோலர் அது 12ஆ 24ஆ என்று தெரிந்துகொள்ளும், வந்த பையன் பேனலை முதலில் கொடுத்தான். பேட்டரி பக்கம் ஃப்யூஸ் கிடையாது, ஒயரும் வீட்டு லைட்டுக்குப் போடுகிற மெல்லிசு.

திருப்பிக் கொடுக்கப் போனால் "பிரிச்ச சாமானை எடுக்க மாட்டோம்". சரி, பில்லைக் காட்டிக் கேட்கலாம் என்று பார்த்தால் அதில் "சோலார் கன்ட்ரோலர் 1" என்றுதான் இருக்கிறது, எம்பிபிடி என்ற எழுத்தே இல்லை. வாங்கும்போது பில்லில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள், இழுத்தால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.