மதுரையில் கழுத்து டாப்ளர் எடுத்த அனுபவம்: 4 ஸ்டார்

பெரிய ரத்தக்குழாய்களில் அழற்சி இருக்கிறதா பார்க்க டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எழுதிக் கொடுத்திருந்தால், எந்த சென்டரில் மெஷின் புதுசு என்று விசாரிக்காதீர்கள். யார் கையால் பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள். இதை ரெண்டு இடத்துக்குக் காசு கட்டிவிட்டுச் சொல்கிறேன்.

என் தங்கச்சிக்கு 24 வயது. கொடியில் துணி போட்டாலே இடது கை அசந்துவிடும், பிபி மெஷின் அந்தக் கையில் எர்ரர் காட்டும், வலது கையில் 150 காட்டும். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இஎஸ்ஆர் ரத்தப் பரிசோதனையும் கூடியிருந்ததால் வாதநோய் டாக்டர் டகாயாசு ஆர்ட்டரைட்டிஸ், அதாவது பெரிய தமனிகளின் சுவரில் வரும் அழற்சி என்று சந்தேகப்பட்டார். மிகிதோ டகாயாசு என்ற ஜப்பானியக் கண் டாக்டர் 1908இல் பதிவு செய்ததால் வந்த பெயர். பெரும்பாலும் நாற்பது வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கு வரும், நாடியே பிடிபடாமல் போவதும் உண்டு.

முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடம், பெயர் வேண்டாம். சட்டென்று முடித்து, "ஓட்டம் நார்மல், லேசான கொழுப்புப் படிவு" என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். 24 வயதுப் பெண்ணுக்குக் கொழுப்புப் படிவா! சுவர் எவ்வளவு தடிமன் என்று ஒரு எண்கூட இல்லை. பிரச்சினை கையில், ஆனால் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் சப்கிளேவியன் தமனி பக்கம் ஸ்கேன் செய்யும் ப்ரோப் போகவே இல்லை.

வாதநோய் டாக்டர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு இந்த சென்டருக்கு அனுப்பினார். இங்கே ரேடியாலஜிஸ்ட் அம்மா ஜெல் தடவுவதற்கு முன்னால் ரெண்டு மணிக்கட்டிலும் நாடி பிடித்துப் பார்த்தார். அப்புறம் கழுத்தில் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனியை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் நிறுத்தி நிதானமாக அளந்தார். இளம் வயதில் அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டிய சுவர் இவளுக்கு 1.8. ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டி, "கொழுப்புன்னா ஒரு பக்கமா மேடு தட்டி இருக்கும்மா, இது சுத்தி ஒரே சீரா தடிச்சிருக்கு பாருங்க" என்றார். குறுக்கே வெட்டிய மக்கரோனித் துண்டு மாதிரியே இருந்தது, மருத்துவத்திலேயே இதற்கு மக்கரோனி அடையாளம் என்றுதான் பெயராம். "கையைத் தூக்கித் தலைக்குப் பின்னாடி வைச்சுக்கோ" என்று அக்குள் வழியாகவும் பார்த்தார். வலது கையில் கூர்மையாக ஏறி இறங்கிய ரத்த ஓட்ட அலை, இடது கையில் தேய்ந்து தட்டையாகக் கிடந்தது.

எனக்குப் பிடித்த விஷயம், தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதியது. மார்புக்குள் இருக்கும் மகாதமனியை நுரையீரல் காற்றும் எலும்பும் மறைப்பதால் இந்த ஸ்கேனில் சரியாகப் பார்க்க முடியாது, அதற்கு எம்ஆர் ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைப் பார்க்கும் எம்ஆர்ஐ) எடுங்கள் என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருந்தார். ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலாரும் 2018 பரிந்துரையில் டகாயாசுவுக்கு எம்ஆர்ஐயைத்தான் முதலில் வைத்தது. ஆனாலும் கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, கழுத்தையும் கையையும் திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்பதால் டாப்ளருக்கு மதிப்பு உண்டு.

வீட்டில் ஐம்பது தாண்டியவர்களுக்குப் புதிதாகத் தலைவலி, மெல்லும்போது தாடை வலி என்று வந்தால் அது வேறு கதை, ஜயன்ட் செல் ஆர்ட்டரைட்டிஸ் என்ற தமனி அழற்சியாக இருக்கலாம். அதற்கு அதே யூலார் அல்ட்ராசவுண்டைத்தான் முதலில் சொல்கிறது. நெற்றிப்பொட்டுத் தமனியைச் சுற்றிக் கருப்பு வளையம் தெரியும், 1997இல் ஜெர்மனியில் ஷ்மிட் குழு எழுதிய அடையாளம் அது. ஸ்டீராய்டு ஆரம்பித்தால் நாளாக ஆக வளையம் மங்கிவிடும், அதனால் ஸ்கேனைத் தள்ளிப் போடக் கூடாது. ஸ்கேனுக்காக மருந்தையும் தள்ளிப் போடக் கூடாது, கண்பார்வை போய்விடலாம்.

சரி, ஒரு ஸ்டார் ஏன் போச்சு? அப்பாயின்ட்மென்ட் நேரம் என்பது பேருக்குத்தான், கர்ப்பிணிகள் கூட்டத்தோடு சேர்த்து உட்கார வைத்துவிட்டார்கள். ஜெல் துடைக்கக் கொடுத்த டிஷ்யூ பாதிக் கழுத்துக்குக்கூடப் போதவில்லை. எல்லாவற்றையும் விட, டைப் செய்தவர் ஓரிடத்தில் இடது என்பதை வலது என்று அடித்திருந்தார். தங்கச்சிதான் கண்டுபிடித்தாள், உடனே மாற்றிக் கொடுத்தார்கள். ரிப்போர்ட்டை கவுன்ட்டரிலேயே ஒரு தடவை படித்துவிடுங்கள், படங்களை சிடியில் கேட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம், அந்த டாக்டர் இருக்க மாட்டார்.