டிராக் சைக்கிளின் பி.பி.: லண்டன் மழையில் பல குளிர்காலம் ஓட்டிய அனுபவம்

டிராக் சைக்கிள் வாங்குகிறவர்கள் ஃபிரேமையும் சக்கரத்தையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். பெடல் மாட்டும் இரண்டு கிராங்கையும் தாங்கிச் சுற்றும் பாட்டம் பிராக்கெட்டைப் (சுருக்கமாக பி.பி.) பற்றி, அது கிரீச்சிடும்வரை பேச்சே வராது. என் வண்டி ஸ்டீல் ஃபிரேம், ஒற்றை கியர், ஃபிக்ஸட்: பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சேர்ந்தே சுற்றும். வார நாட்களில் தெற்கு லண்டனில் வேலைக்குப் போய் வருவதும், வார இறுதியில் ஹெர்ன் ஹில் வெலோட்ரோம் என்ற சைக்கிள் பந்தய மைதானத்தில் சுற்றுவதும் இதே வண்டியில்தான். சாலையில் முன் பிரேக் கட்டாயம், டிராக்கில் இறங்கும்முன் அதைக் கழற்றிவிட வேண்டும்.

ஹெர்ன் ஹில் 1891-இல் திறக்கப்பட்ட மைதானம். 1948 ஒலிம்பிக்கின் டிராக் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. கூரை இல்லாத டிராக் என்பதால் மழை வந்தால் பயிற்சி ரத்து. வேலைக்குப் போவதை அப்படி ரத்து செய்ய முடியாது. அதனால் இந்த பி.பி.க்கு உண்மையான சோதனை சாலைதான். குளிர்காலத்தில் ரோட்டில் தூவும் உப்பு, சேற்றோடு சேர்ந்து, ஃபிரேமில் பி.பி. உட்காரும் குழாயான ஷெல்லுக்கு அடியில் அப்பிக்கொள்ளும்.

இப்போது ஓடுவது ஷிமானோ யூ.என்.55. சதுர முனை அச்சு, சீல் செய்த கார்ட்ரிட்ஜ் (அச்சும் பேரிங்கும் உள்ளே வைத்து மூடிய ஒரே பாகம்), 68 மி.மீ. ஷெல்லுக்கு 107 மி.மீ. அச்சு. அதற்கு முன் ஃபிரேமோடு வந்தது பழைய கப்-கோன் செட். நம் ஊர் சைக்கிள் கடையில் பி.பி. செட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்களே, உள்ளே இருப்பது அதே சமாசாரம்தான்: பக்கத்துக்குக் கால் அங்குல பால்ரஸ் 11, ஒரு பக்கம் நிலையான கப், மறுபக்கம் லாக் ரிங் போட்டு இறுக்கும் கப். நன்றாகச் சரிசெய்த கப்-கோன் செட் சுற்றுகிற அழகே தனி. எல்லாவற்றையும் பிரித்துத் துடைத்து மறுபடி கோக்கலாம் என்பதும் பெரிய வசதி. கூரைக்கு அடியில் மட்டும் ஓடும் வண்டி என்றால் இன்றும் அதையே சொல்வேன். மழையில் ஓடும் வண்டிக்கு ஒத்துவராது. சீட் போஸ்ட் வழியாக இறங்கும் தண்ணீர் நேராக ஷெல்லில் போய் நிற்கிறது. என் ஃபிரேமில் அது வெளியேற ஓட்டையும் கிடையாது. பிரிக்கும் ஒவ்வொரு முறையும் கிரீஸ் காப்பி நிறத்தில் குழைந்திருக்கும். கப்பின் உள்வளையத்தில் விரல் நகத்தை வைத்து இழுத்தால் சின்னச் சின்னக் குழிகள் தட்டுப்படும். அந்தக் குழி விழுந்துவிட்டால் எவ்வளவு கிரீஸ் போட்டாலும் பயனில்லை. அப்போதுதான் கார்ட்ரிட்ஜுக்கு மாறினேன்.

மாட்டுவதில் முதல் வேலை மரையைத் தெரிந்துகொள்வது. பி.எஸ்.ஏ. வகை (பிரிட்டிஷ் மரை) என்றால் விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, ஷெல் அகலம் 68 மி.மீ. செயின் இருக்கும் வலது பக்கம் இடது மரை. அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் இறுகும். இதற்குக் காரணம் இருக்கிறது. பேரிங் உருளும்போது தன்னைச் சுற்றியுள்ள கப்பை, அச்சு சுற்றும் திசைக்கு எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தப் பார்க்கும். வலது பக்கத்தில் இடது மரை இருந்தால் அந்த நகர்வு கப்பை இறுக்கத்தான் செய்யும். ஃபிக்ஸட் வண்டியில் வேகம் குறைக்கக் காலால் எதிர்த்து அழுத்துகிறோமே, அப்போது கழன்றுவிடாதா என்று கேட்பார்கள். கழலாது. அழுத்தம் மட்டும்தான் மாறுகிறது, அச்சு அப்போதும் முன்னோக்கித்தான் சுற்றுகிறது. பழைய இத்தாலிய ஃபிரேம்களில் கதை வேறு: 36 மி.மீ. விட்டம், 70 மி.மீ. அகலம், இரண்டு பக்கமும் வலது மரை. வலது கப் தானாகக் கழல்வது அந்த வகையில் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. அளந்து பார்க்காமல் பி.பி. வாங்காதீர்கள்.

ஷெல்லின் மரையில் பெயின்ட் இருந்தால் கடையில் கொடுத்து டேப் (மரை வெட்டும் கருவி) விட்டுச் சுத்தம் செய்துகொள்வது நல்லது. அழுக்கு மட்டும் என்றால் பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். அப்புறம் மரை முழுக்க தாராளமாக கிரீஸ். ஸ்டீல் ஃபிரேமில் இதைக் கஞ்சத்தனமாகச் செய்தால் பின்னால் கழற்றவே முடியாமல் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். கார்ட்ரிட்ஜின் உடல் வலது பக்கமாகப் போகும். முதல் சில சுற்று விரலாலேயே போக வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே முரண்டு பிடித்தால் மரை குறுக்கே ஏறுகிறது என்று அர்த்தம், ஸ்பேனரைத் தொடாமல் வெளியே எடுத்துவிடுங்கள். வலது விளிம்பு ஷெல்லோடு ஒட்டி உட்கார்ந்த பிறகுதான் இடது கப். இறுக்கம் 50 முதல் 70 நியூட்டன் மீட்டர். கப்பை இறுக்கும் பல் வைத்த கருவி வழுக்கி வெளியே வருவது வழக்கம். கிராங்க் போல்ட்டையும் ஒரு பெரிய வாஷரையும் வைத்து, அச்சோடு சேர்த்துக் கருவியைப் பிடித்துக்கொண்டால் வழுக்காது. புதிய கார்ட்ரிட்ஜ் கையால் சுற்றும்போது கொஞ்சம் கனமாகத்தான் திரும்பும். அது சீலின் பிடிப்பு, குறை இல்லை.

அச்சு நீளத்தை வைத்துத்தான் செயின் லைன், அதாவது செயின் ஓடும் கோடு, அமைகிறது. டிராக் ஹப்புகளில் அது பெரும்பாலும் 42 மி.மீ., ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து செயின் வீல் பல்லின் நடு வரை. சீட் டியூப் 28.6 மி.மீ. விட்டம் என்றால், டியூப்பின் வெளிப்பக்கத்திலிருந்து பல்லின் நடுவுக்கு 27.7 மி.மீ. வர வேண்டும். பின்னால் 120 மி.மீ. ஹப்பில், லாக்நட் முகத்திலிருந்து பல்சக்கரத்தின் நடுவுக்கு 18 மி.மீ. இரண்டும் ஒத்துப்போனால் வண்டி சத்தமே இல்லாமல் ஓடும். ஒத்துப்போகாவிட்டால் அச்சை மாற்றுங்கள். 107-க்குப் பதில் 110 போட்டால் செயின் வீல் ஏறக்குறைய 1.5 மி.மீ. வெளியே வரும். இன்னொன்று: சதுர முனையில் ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தரம்), ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தரம்) என இரண்டு அளவு உண்டு. சரிவு ஒன்றே, ஆனால் கிராங்க் உட்காரும் ஆழம் சில மில்லிமீட்டர் மாறும். கிராங்க் எந்த வகையோ அதற்கேற்ற அச்சையே வாங்க வேண்டும்.

கிராங்க் போல்ட்டுக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். முதல் சில பயணத்துக்குப் பிறகு ஒரு முறை சரிபாருங்கள். அதற்கு மேல் ஒவ்வொரு வாரமும் இறுக்கிக்கொண்டே போனால் கிராங்க் மேலும் மேலும் ஏறி, அலுமினியம் விரிந்துவிடும். தளர்ந்த கிராங்கோடு ஓட்டுவது அதைவிட மோசம். சதுர ஓட்டை தேய்ந்த கிராங்க் எவ்வளவு இறுக்கினாலும் அச்சில் நிற்காது.

பராமரிப்பு என்று கார்ட்ரிட்ஜுக்குள் செய்ய எதுவும் இல்லை. செயினைச் சரியாக வைப்பதுதான் பராமரிப்பு. ஃபிக்ஸட் வண்டியில் செயின் தொங்கக் கூடாது என்று பயந்து கம்பி மாதிரி இழுத்துக் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அந்த இழுவை முழுக்க பி.பி. மீதும் ஹப் மீதும்தான் விழுகிறது. செயின் வீல் முழு வட்டமாக இருப்பதில்லை. அதனால் கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றி, எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே நிறுத்தி, செயினின் நடுவில் ஒரு செ.மீ. அளவுக்கு மேலும் கீழும் ஆட்டம் இருக்கும்படி வையுங்கள். இதைச் செய்யும்போது சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிட்டு விரலை அருகில் கொண்டுபோகவே கூடாது. ஃபிக்ஸட் செயின் துணியோடு விரலையும் இழுத்துக்கொள்ளும், நிற்காது.

மாதத்துக்கு ஒரு தடவை செயினை எடுத்துக் கீழே தொங்கவிட்டு கிராங்கைச் சுற்றிப் பார்க்கிறேன். கரகரப்பு கைக்குத் தெரியும். பிறகு கிராங்கைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்ப்பது. இரண்டு கிராங்கும் சேர்ந்து ஆடினால் பி.பி., ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கிராங்க். கிரீச் சத்தம் வந்தால் உடனே பி.பி.யைக் குறை சொல்லாதீர்கள். பெடல் மரை, செயின் வீல் போல்ட், சீட் போஸ்ட் மூன்றையும் கழற்றி கிரீஸ் வைத்து மாட்டினால் பாதிச் சத்தம் போய்விடும். எழுந்து நின்று ஓட்டும்போது சத்தம் நின்றால் அது சீட் போஸ்ட்டாகவோ சீட்டாகவோதான் இருக்கும்.

இந்த விலைக்கு இவ்வளவு உழைக்கும் பாகம் வண்டியில் வேறு இல்லை என்பது என் கருத்து. யூ.என்.55 தயாரிப்பு நின்றுவிட்டது, அதன் இடத்தில் யூ.என்.300 வந்திருக்கிறது. பழைய இருப்பு கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். புதியதை வாங்கினால் பெட்டியில் ஷெல் அகலம், மரை வகை, அச்சு நீளம் மூன்றையும் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.