டைடிபியில் டேபிள் பிரிப்பு: சில போகங்கள் பாவித்த பிறகு

கிளிநொச்சியில் இருந்து நாங்கள் பராமரிக்கிற நெல் கொள்வனவு மென்பொருள் சில போகங்களாக டைடிபி (TiDB) என்ற, தரவைப் பல சேர்வர்களில் பகிர்ந்து வைக்கும் தரவுத்தளத்தில்தான் ஓடுகிறது. மைஎஸ்கியூஎல் (MySQL) தரவுத்தளம் மாதிரியே பேசும் என்பதால் பழைய டேபிள்களை அப்படியே ஏற்றியாச்சு. டேபிளை அது துண்டு துண்டாகப் பிரித்து வைக்கும்; ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பிரதி இருப்பதால் ஒரு சேர்வர் விழுந்தாலும் வேலை நிற்காது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்தத் துண்டுக்குப் பெயர் ரீஜியன். முன்பு இயல்பளவு 96 எம்ஐபி (MiB, ஏறத்தாழ மெகாபைட்), 8.4 பதிப்பிலிருந்து 256. அளவு மீறினால் தானே பிரியும். ஆனால் பிரிப்பது கீயின், அதாவது பதிவை அடையாளம் காட்டும் மதிப்பின், வரிசைப்படி, அங்கேதான் சிக்கலே. ஐடி ஆட்டோ இன்கிரிமென்ட் (தானாகக் கூடிக்கொண்டே போகும் இலக்கம்) என்றால் எத்தனை ரீஜியன் இருந்தாலும் புதுப் பதிவெல்லாம் கடைசித் துண்டிலேயே போய் விழும். காலபோக அறுவடை நேரம் பரந்தன், முழங்காவில், புதுக்குடியிருப்பு என்று எல்லா நிலையமும் ஒன்றாக எடை பதியும்போது ஒரு நோட் (சேர்வர்) திணறுகிறது, மற்றது சும்மா இருக்கிறது. குளத்தில் அத்தனை வான்கதவு இருந்தும் ஒன்றை மட்டும் திறந்த கதை. டைடிபி டாஷ்போர்டில், எந்தத் துண்டில் சுமை விழுகிறது என்று நிறத்தில் காட்டும் கீ விஷுவலைசரைப் பாருங்கள், பளிச்சென்று ஒரு சாய்கோடு ஏறிப்போனால் இதுதான் வருத்தம்.

ஐடியைச் சிதறலாகக் கொடுக்கும் ஆட்டோ ரேண்டமுக்கு மாற்றினோம், எழுத்து பரவியது. ஆனால் ஐடி மிக நீளம்; ஜாவாஸ்கிரிப்ட் 2^53-க்கு மேலே கடைசி இலக்கங்களைப் பிழையாகக் காட்டும். ஆட்டோ ரேண்டம் (5, 54) என்று, அதாவது சிதறலுக்கு 5 பிட், மொத்த நீளம் 54 பிட் என்று, கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் இன்டெக்ஸ், அதாவது பதிவுகளை விரைவாகத் தேட வைக்கும் பட்டியல். அதுவும் ரீஜியனில்தான் கிடக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பதிவு நேரத்துக்குத் தனி இன்டெக்ஸ் போட்டால், ஐடியை எவ்வளவு சிதறவிட்டாலும் சூடு, அதாவது ஒரே துண்டில் குவியும் சுமை, அங்கே இடம் மாறிக்கொள்ளும். நிலையக் குறியீட்டை முன்னால் வைத்து, நேரத்தைப் பின்னால் வைத்தோம். பற்றுச்சீட்டு இலக்கமும் அப்படியே, நிலையத்துக்கு நிலையம் தனி வரிசை. விவசாயிகளுக்கும் அதுதான் விளங்கும்.

இதெல்லாம் பல நிலையம் ஒன்றாக எழுதுகிற இடத்துக்குத்தான். ஒற்றை ஆலைக் கணக்குக்குச் சாதாரண மைஎஸ்கியூஎல் தாராளம், வீணாகக் காசைக் கொட்டாதீர்கள்.

போகத்துக்கு ஒரு புது டேபிள் திறப்பவர்கள் கவனிக்க: அது ஒரே ரீஜியனில்தான் தொடங்கும். உருவாக்கும்போதே ப்ரீ ஸ்பிளிட் ரீஜியன்ஸ் 4 என்று கொடுங்கள், நாலு அல்ல, 2^4 ஆக 16 துண்டு வரும். முதல் நாள் இரவே பிரித்துவிட்டு நிம்மதியாகப் படுக்க முடியாது, வெறும் துண்டுகளை ஒரு மணித்தியாலம் கழிந்தால் டைடிபி திரும்ப ஒட்டத் தொடங்கிவிடும். டேபிளுக்கு மெர்ஜ் ஆப்ஷனை டெனை (merge_option=deny) என்று வைத்தால் ஒட்டாது.