ஆறினால் எது தாங்கும்? பெங்களூர் குளிருக்கு மூன்று சாப்பாடு

டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் ராத்திரிகள் 15 டிகிரி பக்கம் இறங்கும். டெல்லிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் தட்டில் போட்ட சாதம் பத்து நிமிஷத்தில் சில்லிட்டுப் போக அது போதும். அடுப்பிலிருந்து இறக்கியதும் எல்லாமே ருசிதான். அதனால் வெண்பொங்கல், பிசிபேளே பாத், ராகிக் களியோடு பிதுக்குப் பருப்புக் குழம்பு மூன்றையும் ஆறின பிறகு எப்படி இருக்கின்றன என்று வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வேலை நாளுக்குப் பொங்கல்தான். அரை மணி நேரத்தில் முடியும். பச்சரிசி 1 டம்ளர், லேசாக வறுத்த பாசிப்பருப்பு அரை டம்ளர், தண்ணீர் 6 டம்ளர், குக்கரில் 5 விசில். அரிசியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கடையில் சும்மா 'சோனா மசூரி' என்று கேட்டால் ஸ்டீம் அரிசியைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அது எத்தனை விசில் விட்டாலும் பருக்கை பருக்கையாக நிற்கும். 'ரா ரைஸ்' என்று கேட்டு வாங்குங்கள். மிளகு 1 டீஸ்பூன்: பாதி முழுசாக, பாதி ஒன்றிரண்டாகத் தட்டி. நெய் புகைவதற்கு முன்பே போட வேண்டும். இல்லாவிட்டால் மிளகு வெடித்து முகத்தில் அடிக்கும், சீரகம் கருகிக் கசக்கும்.

ஆறினால்? மோசம்தான். வெந்த மாவுச்சத்து ஆற ஆற இறுகும், இந்தக் குளிருக்கு நெய்யும் கூடவே உறையும். அதனால் இறக்கும்போதே கரண்டியிலிருந்து வழுக்கி விழும் பதம் இருக்கட்டும். இறுகிப்போனதைத் திருத்த, கொதிக்கிற தண்ணீர் அரை டம்ளர் ஊற்றி மசியுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் வெளியே கஞ்சி, உள்ளே கட்டி.

பிசிபேளே பாத்தின் பேரிலேயே சங்கதி இருக்கிறது: கன்னடத்தில் பிசி என்றால் சூடு, பேளே என்றால் பருப்பு. நம் வீடுகளில் சாம்பார்ப் பொடியைப் போட்டுவிட்டு இந்தப் பேரை வைப்பது வழக்கம். அது சாம்பார் சாதம், அதற்கும் குறைச்சல் இல்லை. இதற்கு வேண்டியது பட்டை, லவங்கம், மராட்டி மொக்கு (பெரிய லவங்கம் மாதிரி இருக்கும் காய்ந்த மொட்டு), கொப்பரை. ஒரு டம்ளர் அரிசிக்கு முக்கால் டம்ளர் துவரம்பருப்பு, 8 பேடகி மிளகாய், 2 மேசைக்கரண்டி தனியா, 1 மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, 2 மொக்கு போதும். பேடகி நிறத்துக்குத்தான், காரம் அதில் குறைவு. மொக்கைச் சிவக்க விட்டால் மொத்தப் பொடியும் கசந்துவிடும்.

புளியை முதலிலேயே ஊற்றுவதுதான் பெரிய தப்பு. புளிப்பு பட்டால் பருப்பும் காயும் மெத்தென்று வேகாது. போதாததற்கு, ஊர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே. தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு சென்னையைவிட நேரம் எடுக்கும். குக்கரில் குழைய விட்டு, பிறகு புளியும் பொடியும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள். ஆறினால் இதுவும் இறுகும்தான். ஆனால் வெந்நீர் விட்டுச் சூடுபடுத்தினால் மசாலா ஊறி நன்றாகவே இருக்கும்.

பிதுக்குப் பருப்பு, அதாவது தோலைப் பிதுக்கி எடுத்த அவரைக் கொட்டை, இந்த இரண்டு மாசத்துக்கே உரியது. ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மல்லேஸ்வரம், காந்தி பஜார், கே.ஆர். மார்க்கெட் எங்கும் அவரைக்காய் குவிந்திருக்கும். காயைத் தொட்டால் பிசுக்கென்று ஒட்ட வேண்டும், விரலில் வாசனை நிற்க வேண்டும். அதைத்தான் இங்கே 'சொகடு' என்கிறார்கள். முற்றிய கொட்டையாக எடுத்து 6 மணி நேரம் ஊறவைத்து, ஒரு நுனியைப் பிடித்து அழுத்தினால் பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பிஞ்சாக இருந்தால் விரலிலேயே நசுங்கும். பொறுமை இல்லாதவர்கள் பிதுக்கியதையே வாங்கலாம், விலைதான் எகிறும்.

அரை கிலோ பருப்புக்குத் தேங்காய் ஒரு கைப்பிடி, சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல், பச்சை மிளகாய் 5, இஞ்சி, கொத்தமல்லி, பட்டை, லவங்கம், பொட்டுக்கடலை 1 மேசைக்கரண்டி அரைத்து வதக்கி, தண்ணீர் விட்டுக் கொதித்ததும் பருப்பைப் போடுங்கள். திறந்த பாத்திரத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம், அவ்வளவுதான். குக்கரில் ஒரு விசில் விட்டாலும் கூழ். பிதுக்கின கை வலியெல்லாம் வீண்.

களிக்கு 2 டம்ளர் தண்ணீர், 1 டம்ளர் ராகி மாவு. ஒரு ஸ்பூன் மாவைக் கரைத்து ஊற்றிக் கொதி வந்ததும் மீதியைக் குவியலாகக் கொட்டி, நடுவே கோலால் ஒரு குழி விட்டு, 5 நிமிஷம் கிண்டாமல் சிறு தீயில் வையுங்கள். உடனே கிண்டினால் கட்டி தட்டும். பிறகு அழுத்திக் கிளறி, ஈரக் கையால் தொட்டுப் பாருங்கள், ஒட்டாவிட்டால் வெந்தது.

களி ஆறினால் கல்தான், உருட்டின சூட்டோடு சாப்பிட்டுவிட வேண்டும். ஆனால் குழம்பு ஆறினால் கெடுவதில்லை. கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் சூடுபடுத்தினால் மறுநாள் பருப்பில் மசாலா ஏறி, காலை தோசைக்கு இன்னும் நன்றாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை செய்வதானால் ஒரு கைப்பிடி பருப்பு கூடுதலாகவே போடுங்கள்.