ஐந்து கிகாஹெர்ட்ஸ், எத்தனை நொடிக்கு?

இன்டெல் கோர் ஐ7-10750எச் செயலி கொண்ட என் மடிக்கணினிக்கு அண்மையில் விசிறியை மாற்றி, செயலியின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் புதிதாகப் பூச வேண்டியிருந்தது. அதே சமயத்தில் கோவை நண்பர் ஒருவர், இதே மாடல் புதுப்பிக்கப்பட்ட நிலையில் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கணினிச் சந்தையில் விலை நன்றாகக் குறைந்து கிடைக்கிறது, மென்பொருள் வேலைக்கு வாங்கலாமா என்று கேட்டு எழுதினார். திரை, நினைவகம், விசைப்பலகை பற்றியெல்லாம் அவரே படித்துத் தெரிந்துகொண்டிருந்தார். அவற்றில் எனக்கும் குறை இல்லை. இத்தனை ஆண்டுகளாக என்னை விடாமல் உறுத்துவது ஒன்றே ஒன்றுதான்: மடிக்கணினி நிறுவனத்தின் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்த 5.0 கிகாஹெர்ட்ஸ் என்ற செயலி வேகம்.

என் அன்றாட வேலை ஒரு பெரிய சி++ மென்பொருளைக் கம்பைல் செய்வது, அதாவது எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுவது. செயலிக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் ஆறு கோர்களும் இருபது நிமிடங்களுக்குக் குறையாமல் முழுச் சுமையில் ஓடும். தொடங்கியதும் ஆறும் 4.2, 4.3 என்று பாய்கின்றன; மின் நுகர்வு 90 வாட்டை நெருங்குகிறது; விசிறி இரைகிறது. அரை நிமிடம் கழிவதற்குள் எல்லாக் கோர்களும் 3.1 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கி, வேலை முடியும்வரை அங்கேயே நிற்கின்றன. நான் ஐந்துக்கு விலை கொடுத்து மூன்றில் குடித்தனம் நடத்துகிறேன் என்று அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிக் கேட்பவர்களுக்கு அலுத்துவிட்டது.

இதற்குச் செயலியைக் குற்றம் சொல்வது நியாயமல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இன்டெல்லின் விவரக்குறிப்பு அதிகபட்ச டர்போ வேகத்தை, அதாவது அடிப்படைக்கு மேல் தற்காலிகமாக எட்டும் உச்சத்தை, ஒற்றைக் கோருக்கு உரியதாகவே வரையறுக்கிறது. இந்தச் செயலிக்கு 45 வாட்டில் உறுதியளிக்கப்படும் அடிப்படை வேகம் 2.6 மட்டுமே. ஆறு கோர்களும் ஒருசேர ஓடும்போது டர்போவின் உச்சவரம்பே 4.3தான், அதுவும் மின்சாரமும் குளிர்ச்சியும் இடம் கொடுத்தால். அந்த இடத்தை எவ்வளவு கொடுப்பது என்று தீர்மானிப்பது மடிக்கணினியைக் கட்டமைத்த நிறுவனம். என்னுடைய கணினியில் நீண்ட நேரத்துக்கான மின் வரம்பு 45 வாட், குறுகிய நேரத்துக்கான வரம்பு அதைப்போல் இருமடங்குக்கும் மேல். இவை இரண்டும் எங்கும் அச்சிடப்படவில்லை. லினக்ஸில் டர்போஸ்டாட் கருவியை ஓடவிட்டு, வாட்டையும் வேகத்தையும் வரிவரியாகப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இலை நிறையப் பதார்த்தம் விழுவதும், கடைசிப் பந்திக்குச் சாம்பாரும் அப்பளமும் மிஞ்சுவதும் போலத்தான் இதன் பங்கீடு. ஆனால் பலர் நினைப்பதுபோல் இத்தனை நொடி என்று கடிகாரம் வைத்து அளப்பதில்லை. செயலி தன் மின் நுகர்வின் நகரும் சராசரி ஒன்றைக் கணக்கில் வைத்திருக்கிறது. அந்தச் சராசரி 45 வாட்டைத் தொடும்வரை மேல்வரம்பில் ஓடலாம், தொட்டபின் இறங்கியாக வேண்டும். சும்மா இருந்த கணினி சராசரியில் நிறைய இடம் வைத்திருப்பதால் நீண்ட நேரம் பாயும்; ஒரு கம்பைல் முடிந்த கையோடு அடுத்ததைத் தொடங்கினால் பாய்ச்சலே இராது. கடையில் வேகத்தைக் காட்டும் சோதனைகள் ஒரு நிமிடத்துக்குள் முடிவதன் சௌகரியமும் இதுதான். 2020 நவம்பரில் வந்த சினிபெஞ்ச் ஆர்23 என்ற வேகச் சோதனை மென்பொருள், பல கோர் சோதனையை இயல்பாகவே பத்து நிமிடம் ஓடச் செய்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில் பளிச்சிட்ட மடிக்கணினிகள் பல அதில் வாடின.

இனி ரிப்பேர் விஷயம். பழைய விசிறியில் தூசி அடைத்து, செயலி 97 டிகிரிக்குப் போய், வேகம் 2.7க்கும் கீழே சரிந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் அதைக் கட்டிப்போட்டது வெப்பம். ரிப்பேர் முடிந்து வந்தபின் அதே சுமையில் 83 டிகிரி. வேகம் மறுபடியும் 3.1. புதிய பேஸ்ட் பூசினால் நான்கைத் தாண்டும் என்று உறுதி சொன்னவர்கள் வெப்ப வரம்பையும் மின் வரம்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வெப்பம் விலகியதும் மின் வரம்பு முன்னால் வந்து நின்றுகொண்டது, அவ்வளவுதான். சித்திரை மாதத்தில் திருச்சி வீட்டுக்கு எடுத்துப்போனபோது, அறை பெங்களூரைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடாக இருந்தும் வேகம் அதே 3.1தான், செயலியின் வெப்பநிலை மட்டும் ஏறக்குறைய அதே அளவு கூடி, விசிறியின் சத்தத்தில் வீட்டார் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார்கள்.

பழங்காலத்து நேர்மையை நினைத்து ஏங்குவது எனக்கு வழக்கமில்லை என்றாலும் ஓர் ஒப்பீட்டைத் தவிர்க்க முடியவில்லை. டர்போ வசதி இன்டெல்லின் நெஹலேம் தலைமுறைச் செயலிகளோடு 2008இல் வந்தபோது, கோர் ஐ7-920இன் அடிப்படை வேகம் 2.66; ஒரு கோர் மட்டும் ஓடினால் 2.93, நான்கும் ஓடினால் 2.8. தாளில் உள்ள மிகப்பெரிய எண்ணுக்கும் அன்றாடம் கிடைப்பதற்கும் இடையே 133 மெகாஹெர்ட்ஸ்தான் வித்தியாசம். என் செயலியில் அடிப்படைக்கும் உச்சத்துக்கும் இடையே 2.4 கிகாஹெர்ட்ஸ் இருக்கிறது. இந்த இடைவெளி விரிந்துகொண்டே வந்த காலத்தில்தான், 2017இல் காஃபி லேக் செயலிகள் வெளியானபோது, எத்தனை கோர்கள் ஓடினால் எவ்வளவு வேகம் என்ற பட்டியலை வெளியிடுவதையும் இன்டெல் நிறுத்தியது. போட்டி நிறுவனமான ஏஎம்டி தரப்பும் இதற்கு முற்றிலும் புறம்பானதல்ல. 2019இல் ரைசன் 3000 வரிசையின் பூஸ்ட் வேகம் குறைவதாகப் புகார் எழுந்து, பயாஸ் என்ற, கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளுக்குத் திருத்தம் தர வேண்டியிருந்தது.

இவ்வளவு எரிச்சலுக்கும் நடுவே நான் எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. கம்பைல் சத்தம் தாங்காமல், நீண்ட நேர வரம்பை 45இலிருந்து 35 வாட்டாகக் குறைத்துப் பார்த்தேன். வேகம் 3.1இலிருந்து 2.8க்கு இறங்கியது, 21 நிமிடத்தில் முடிந்த வேலைக்கு 23 நிமிடம் ஆயிற்று, ஆனால் வெப்பம் 74 டிகிரியில் நின்றது, விசிறி இருப்பதே மறந்துபோயிற்று. மின்சாரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மிச்சம், நேரத்தில் இழப்பு பத்தில் ஒரு பங்கு. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும், செலவாகும் மின்திறனோ அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப எகிறும் என்பதால், கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் எல்லாவற்றையும்விட அதிகம் தின்கிறது. அழுத்தத்தையே சற்றுக் குறைத்து இன்னும் நல்ல பலன் பெறலாம். ஆனால் 2019 டிசம்பரில் அழுத்தத்தை மாற்றித் தாக்க இடம் தரும் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானபின் பல மடிக்கணினிகளின் பயாஸில் அந்த வழி பூட்டப்பட்டுவிட்டது, என்னுடையதிலும்தான். வரம்பை 45க்கு மேல் உயர்த்தவும் என் கணினியின் பயாஸ் விடுவதில்லை.

அந்த 5.0ஐ நான் பார்த்ததே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். காலையில் குளிர்ந்திருக்கும் கணினியில் ஒரே கோரில் ஓடும் ஒற்றை இழை வேலை எதையாவது ஓட்டினால் ஏதோ ஒரு கோர் 4.9, 5.0 என்று எட்டிப் பார்க்கிறது. பிரவுசரோ பின்னணிச் சேவையோ இன்னொரு கோரை எழுப்பியதும் இறங்கிவிடுகிறது. ஒரு பக்கத்தைத் திறப்பது, எடிட்டரில் தேடுவது போன்ற நொடிப்பொழுது வேலைகளுக்கு இந்தப் பாய்ச்சல் உண்மையாகவே உதவுகிறது. கணினி கைக்கு விறுவிறுப்பாகத் தெரிவதற்கு இதுவே காரணம். வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூட வேலையின் நடுவில் நின்றதில்லை. 35 வாட்டில் வைத்தபின் இரவு நேரத்தில் பக்கத்து அறையில் யாரும் விழித்துக்கொள்வதுமில்லை.

ஆனாலும் நண்பருக்கு வாங்க வேண்டாம் என்றே பதில் எழுதினேன். அவர் வேலையும் மணிக்கணக்கில் எல்லாக் கோர்களையும் பிடித்து வைத்திருக்கும் வகை; அதே பணத்துக்கு 65 வாட் செயலியோடு பழைய மேசைக்கணினி ஒன்று எஸ்.பி. ரோட்டிலேயே கிடைக்கும். மடிக்கணினிதான் வேண்டுமென்றால், கடைக்காரரிடம் பத்து நிமிடம் முழுச் சுமையில் ஓட்டச் சொல்லி, பத்தாவது நிமிடத்தின் வேகத்தையும் வாட்டையும் குறித்துக்கொண்டு விலை பேசும்படியும், ஸ்டிக்கரில் உள்ள எண்ணைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றும் சொன்னேன். அவ்வளவு மோசமென்றால் உங்களுடையதை எனக்குக் குறைந்த விலைக்குத் தந்துவிடுங்கள் என்றார். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.