டவுனா, காத்தான்குடியா, மருதமுனையா? உடுப்பும் செருப்பும் குசினிச் சாமானும்

மட்டக்களப்பில் கல்யாணம் வந்தாலும் சித்திரை வருஷம் வந்தாலும், எங்கே போய்ச் சாமான் எடுப்பது என்ற வாக்குவாதம் வராத வீடு குறைவு. அம்மாமார் காத்தான்குடி என்பார்கள். பொடியன்மாருக்கு டவுன். சாறன் என்றால் மருதமுனைதான் என்று அம்மப்பா ஒற்றைக்காலில் நிற்பார். மூவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் யாருடைய பேச்சும் எல்லாச் சாமானுக்கும் பொருந்தாது. எங்கே மலிவு என்று கேட்காமல், வாங்கப்போகிறவருக்குத் துணி பார்த்துத் தெரியுமா என்று கேட்டால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும் என்பது என் கட்சி.

டவுன் என்று நாங்கள் சொல்வது இப்போது இரண்டு துண்டு. போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்ட புளியந்தீவு ஒன்று. பாலம் தாண்டினால் கோட்டைமுனையும் திருகோணமலை வீதியும். புளியந்தீவைச் சுற்றி வாவி; அகல வழியில்லை. பழைய தெருக்களில் மோட்டார்சைக்கிள் விடவே இடம் தேட வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடைகளைப் பார்க்கக் கோட்டைமுனைப் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது.

டவுனில் பெரிய கடைகளின் குணம், ஒட்டிய விலை ஒட்டிய விலைதான். பேச்சுக்கு இடமில்லை. ஆனால் பில் தருவார்கள், அளவு பிழைத்தால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். அங்கே விலை கூட என்ற முறைப்பாட்டில் வரிக்கும் ஒரு பங்கு உண்டு. 2024 ஜனவரியில் வற் எனும் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக ஏறியது. ஆண்டு விற்பனை 60 மில்லியன் ரூபாவைத் தாண்டுகிற வியாபாரம் பதிய வேண்டும் என்றும் அப்போது எல்லை வைத்தார்கள். கொழும்புக் கம்பனியின் காட்சியறை அதற்குள் வரும். ஒழுங்கைக்குள் இருக்கிற சின்னக் கடை வராது. சின்னக் கடைக்காரரும் கொழும்புப் புறக்கோட்டையில் மொத்தமாக எடுக்கும்போது வரியைச் சேர்த்துத்தான் கொடுத்திருப்பார். ஆனாலும் அவர் வைக்கிற இலாபத்தின் மேல் இன்னொரு வரி ஏறுவதில்லை.

இனிக் காத்தான்குடி. கல்லடிப் பாலம் ஏறி, நாவற்குடா கழிந்தால் டவுனிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர்தான். 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலமான லேடி மெனிங் பாலத்தில் ஒரு பக்கத்து வாகனம் வந்து முடியும்வரை மறுபக்கம் காத்து நின்ற காலம், 2013இல் புதுப் பாலத்தோடு போய்விட்டது. நடுவில் பேரீச்சை நிற்கும் பிரதான வீதியின் இரு கரையும், அதிலிருந்து பிரியும் ஒழுங்கைகளும் கடை மயம். சீலை, சல்வார் துணி, பிள்ளைகளின் சட்டை, திரைச்சீலை, கட்டில் விரிப்பு என்று தெரிவு டவுனை விட அதிகம். விலை வாயில்தான் இருக்கிறது.

"காக்கா, கடைசி விலை சொல்லுங்க."

"தங்கச்சிக்காக இருநூறு குறைக்கிறன்."

"அப்ப மூணு எடுத்தா?"

அந்த மூன்றாவது வரியில்தான் வியாபாரம் தொடங்குகிறது. ஒற்றைச் சீலைக்கு அசையாத விலை, கல்யாணச் சபையில் கொடுக்க ஏழெட்டு எடுக்கும்போது இறங்கும். கல்யாண வீட்டுக்காரர் அங்கே போவதற்கு இதுவே காரணம். ஒரு சேர்ட்டுக்காக மட்டும் போனால் மிச்சம் பிடித்த காசு பஸ்ஸுக்கும் குளிர்பானத்துக்கும் சரியாகிவிடும்.

துணி தெரிய வேண்டும் என்று சொன்னேனே, அது இங்கேதான். 'சுத்தக் கொட்டன்' என்று சொல்லித் தருகிற துணியில் எவ்வளவு பொலியெஸ்டர் கலந்திருக்கிறது என்பதைக் கை சொல்ல வேண்டும். கசக்கிப் பிடித்து விட்டால் மடிப்பு விழாத துணி பெரும்பாலும் கலப்பு. கடும் நிறம் என்றால் ஈரக் கைக்குட்டையால் ஒரு ஓரத்தைத் தேய்த்துப் பார்க்கலாம். நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார். நூலைப் பற்றவைத்துப் பார்ப்பதும் உண்டு: பருத்தி எரிந்து சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கட்டி தட்டும். இதை வீட்டில் செய்யுங்கள், புடவைக் கடைக்குள் நெருப்புக்குச்சி எடுக்க வேண்டாம். இதெல்லாம் பார்க்கத் தெரிந்த ஒரு அக்காவோ மாமியோ கூட வந்தால் காத்தான்குடிக்குப் போட்டியே இல்லை. தனியாகப் போகும் இளந்தாரிக்கு டவுன்தான் நல்லது. கூடக் கொடுக்கும் காசை மாற்றி எடுக்கும் உரிமைக்கான விலை என்று நினைத்துக்கொள்ளலாம்.

பற்றுச்சீட்டு விஷயத்தில் மட்டும் எந்த ஊரிலும் கூச்சப்படத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் கொடுக்க வேண்டும். முறைப்பாட்டுக்கு அந்த அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.

செருப்பு, சப்பாத்து விஷயத்தில் என் வாக்கு முழுவதும் டவுனுக்கு. பாட்டா, டி.எஸ்.ஐ போன்ற காட்சியறைகளில் இரண்டு காலிலும் போட்டு நடந்து பார்க்கலாம். அளவு நிலையாக இருக்கும்; சரக்கும் தேங்கிக் கிடக்காமல் ஓடும். ஓடும் சரக்கு என்பதை ஏன் சொல்கிறேன் என்றால், பாரமில்லாத பியூ (பொலியூரித்தேன்) அடித்தோல் போட்ட சப்பாத்து, ஈரக்காற்றில் சும்மா கிடந்தே கெட்டுப்போகும். தண்ணீர்த்தன்மை உள்ளே போய் அடித்தோலின் இரசாயனப் பிணைப்பை மெல்ல அறுத்துவிடும்; பிறகு ஒரு கல்யாணத்துக்குப் போட்டு நாலடி வைக்கும்போது அடித்தோல் உதிரும். வாவியும் கடலும் சூழ்ந்த எங்கள் ஊரில் இது அடிக்கடி நடக்கிறது. ஆகவே தட்டில் நெடுநாள் தூசி பிடித்துக் கிடந்த சப்பாத்தைத் தள்ளுபடிக்காக எடுக்காதீர்கள், அது எந்த ஊர்க் கடையாக இருந்தாலும். வீட்டுக்குப் போடும் இறப்பர் செருப்பை எங்கேயும் வாங்கலாம், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

குசினிச் சாமானுக்குத் திரும்பவும் காத்தான்குடி. அலுமினியச் சட்டி நிறையில் விற்கிற கடையாகப் பாருங்கள். ஒரே அளவுச் சட்டி இரண்டைக் கையில் தூக்கினால் பாரமானது தடித்தது. மெல்லிய சட்டியில் அடி பிடிக்கும், வளையும். புட்டுக்குழல், இடியப்ப உரல், திருவலை, பீங்கான், வாளி எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும். நோன்புப் பெருநாளுக்கு முந்திய கிழமைகளில் இரவிலும் நெடுநேரம் கடை திறந்திருக்கும். சனமும் அப்படித்தான் நெரியும். மண்சட்டிக்கும் பன்பாய்க்கும் மட்டும் நான் ஆடி அமாவாசையோடு வரும் மாமாங்கத் திருவிழாக் கடைகளுக்காகத்தான் காத்திருப்பேன்.

குளிர்சாதனப்பெட்டி, சலவை இயந்திரம் என்றால் கதை வேறு. அங்கே விலையை விடப் பழுது பார்க்க ஆள் வருவாரா என்பதே பெரிது. சிங்கர், அபான்ஸ் போன்றவை டவுனில் இருப்பது அதற்கு உதவும். தவணைக்கு எடுப்பவர்கள் மாதத் தொகையை மாதங்களால் பெருக்கி, முற்பணத்தையும் கூட்டி, காசு விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும். பலர் மாதத் தொகையை மட்டும்தான் கேட்கிறார்கள்.

மருதமுனை இந்தப் போட்டிக்குள் முழுதாக வராது. அம்பாறை மாவட்டத்தில், பெரியநீலாவணையைத் தாண்டி, கல்முனைக்கு முன்னால் இருக்கிறது. டவுனிலிருந்து தெற்கே முப்பது கிலோமீற்றருக்கு மேல். சாறனுக்கும் கைத்தறிச் சீலைக்கும் மட்டும் அந்தத் தூரம் தகும். நிறம் ஊட்டிய நூலில் நெய்த சாறனில் உட்புறமும் வெளிப்புறமும் ஒரே நிறமாகத் தெரியும். அச்சடித்த சாறனைத் திருப்பினால் வெளிறியிருக்கும். இந்த ஒரு சோதனை போதும். விலை கூடத்தான். நூல் வெளியிலிருந்து வருகிறது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது தறிக்காரர் பட்டது சொல்லி முடியாது. புறக்கோட்டையிலிருந்து வரும் அச்சுச் சாறனோடு அதை விலையில் ஒப்பிடுவது தறிக்காரருக்குச் செய்யும் அநியாயம். அம்மப்பா கட்சிக்கு இதில் மட்டும் என் முழு வாக்கு. புதுச் சாறன் முதல் தோய்ச்சலில் கொஞ்சம் சுருங்கும், அகலத்தைச் சற்றுக் கூடுதலாகவே கேட்டு எடுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரம் அங்கேயும் காத்தான்குடியிலும் கடை பூட்டியிருக்கும், வேறு நாளில் போங்கள்.