வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய்: பூசுவதா, வெட்டி மாற்றுவதா, லைனிங் போடுவதா?

ஈரம் தெரியும் இடத்தை மட்டும் பார்த்து முறையை முடிவு செய்யாதீர்கள். குழாய் நெடுகச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் இரும்பு கெட்டியாக இருக்கிறது. சத்தம் மொத்தென்று அடங்கினால் உள்ளே அரித்துவிட்டது. படுக்கைக் குழாயில் அடிப்பக்கத்தையும், செங்குத்துக் குழாயில் நெடுக்காக ஓடும் விரிசலையும் தவறாமல் பாருங்கள்.

எபாக்சி பூச்சு ஊசித் துளைக்கு மட்டுமே. துருவைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பு தெரிந்து, முழுக்கக் காய்ந்த பிறகு பூசினால்தான் பிடிக்கும். அப்போதும் அரிப்பு உள்ளிருந்து தொடரும் என்பதால் இது தற்காலிக ஏற்பாடுதான். ஈயம் ஊற்றிய மூட்டு கசிந்தால் கதை வேறு: மழுங்கிய உளியால் ஈயத்தைச் சுற்றிலும் தட்டி இறுக்கினாலே பல நேரம் கசிவு நின்றுவிடும்.

ஓரிரு இடம்தான் கெட்டிருக்கிறது, கையும் எட்டுகிறது என்றால் வெட்டி பி.வி.சி. துண்டு போடுவதே எங்கள் முதல் தேர்வு. செங்குத்துக் குழாயில் கத்தி வைக்கும் முன் மேல்பகுதியைக் கிளாம்ப் போட்டுத் தாங்குங்கள். நான்கு அங்குலக் குழாய் 10 அடிக்கே 30 கிலோவைத் தாண்டும்; தாங்கல் இல்லாமல் வெட்டினால் மேல் மூட்டுகள் எல்லாம் இறங்கிவிடும். சங்கிலியைச் சுற்றி இறுக்கி வெட்டும் கட்டர் அரித்த குழாயை நொறுக்கிவிடும், அதனால் வெட்டும் தகடு போட்ட கை கிரைண்டரே நல்லது. கணீர் ஒலி வரும் இடம்வரை வெட்டுங்கள். மெலிந்த விளிம்பில் கப்ளிங்கை (இரு குழாய் முனைகளைச் சேர்க்கும் ரப்பர் இணைப்பு) இறுக்கினால் விளிம்பு உடையும். கப்ளிங்கின் நடுவில் இருக்கும் ரப்பர் தடுப்புக்காகப் புதுத் துண்டு இடைவெளியைவிடச் சுமார் 6 மி.மீ. குறைவாக இருக்கட்டும். இரும்புக்கும் பி.வி.சி.க்கும் வெளிவிட்டம் ஒன்றல்ல. இரண்டையும் சேர்ப்பதற்கென்றே வரும், ஸ்டீல் உறை போட்ட கப்ளிங்கை வாங்குங்கள். வெறும் ரப்பர் கப்ளிங் எடையில் தொய்ந்து உள்ளே படி உண்டாக்கும், அதில் கழிவு சிக்கும். கப்ளிங்கைச் சுற்றியுள்ள பட்டைகளை மாறி மாறி, கப்ளிங்கில் குறித்திருக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். படுக்கைக் குழாயில் 50 அடிக்கு 1 அடி வாட்டம் வேண்டும். பி.வி.சி.யில் நீர் விழும் சத்தம் இரும்பைவிட அதிகம் கேட்கும். படுக்கையறைச் சுவருக்குள் போகும் குழாய்க்கு ஒலித்தடுப்பு உறை சுற்றலாம்.

தரைக்கடியில் ஓடும் குழாய்க்கு லைனிங், அதாவது பழைய குழாய்க்குள்ளேயே ரெசின் உறை போடுவது, கவர்ச்சியாகத் தெரியும், தளத்தை உடைக்க வேண்டாமே! ஆனால் ரெசின் உறை பழைய குழாயின் வடிவத்தையே எடுக்கும். குழாய்க்குள் விட்ட கேமராவில் நீர் தேங்கும் தொய்வு தெரிந்தால் லைனிங் போட்ட பின்னும் அதே இடத்தில் தேங்கும். குழாய் நசுங்கியிருந்தாலும், அடிப்பக்கம் நெடுகக் காணாமல் போயிருந்தாலும் வேண்டாம். துருப் படிவை முழுக்கச் சுரண்டாமல் போட்டால் உறை சுருங்கி மடியும். கிளைக் குழாய் வாய்களை உள்ளிருந்து மறுபடி வெட்டித் திறக்க வேண்டும். ஒன்றை விட்டால் அந்தக் குளியலறை நீர் வெளியேற வழியிருக்காது. வேலை முடிந்ததும் கேமரா பதிவைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கிளையும் திறந்திருக்கிறதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.